சாளரம் மட்டும் வந்தால் போதும்

ஏடு தேடி ஊர் ஊராகப் போனவர்களின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு ஒரு காட்சி பழகியிருக்கும். தேடி வந்தவர் திண்ணையில் காத்திருப்பார். உள்ளே பரணில் ஏட்டுக்கட்டு இருக்கும். வீட்டுக்காரர் அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பார். உ.வே. சாமிநாதையரின் தன்வரலாற்றில் இரு வகை மனிதர்களும் வருகிறார்கள். கட்டோடு எடுத்துக் கொடுத்தவர்களும் உண்டு, கண்ணில் காட்டவே மறுத்தவர்களும் உண்டு. இவ்விரு விடைகளுக்கும் நடுவே மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. 'இங்கேயே உட்கார்ந்து பாருங்கள். எடுத்துப் போக வேண்டாம்' என்பது அது. கொடுத்தவரை நன்றியோடும் மறுத்தவரை வருத்தத்தோடும் நினைவுகூரும் நாம் இந்த மூன்றாமவரைப் பெரும்பாலும் கணக்கில் கொள்வதில்லை.

எங்களுக்குக் கிடைத்தது அந்த மூன்றாவது விடைதான். மேலூருக்கு அப்பால், அழகர்மலையின் முதுகு தெரியும் ஒரு சிற்றூரில் உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியராக இருந்து மறைந்த பெரியவர் ஒருவரின் வீடு. நாற்பதாண்டுக் காலம் எழுத்தாளர்களோடும் சிற்றிதழ் ஆசிரியர்களோடும் கடிதத் தொடர்பு வைத்திருந்தவர். வந்த அஞ்சலட்டைகளையும் உள்நாட்டு அஞ்சல் உறைகளையும் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருந்தார். பேரப்பிள்ளைகளின் உதவியோடு கடைசிக் காலத்தில் அவற்றை வருடியில் இட்டுக் கணினியில் சேர்த்தார். தாமே தட்டச்சு செய்த கட்டுரைகளும் அதே கணினியில் இருந்தன. அக்கடிதங்களுக்கு ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும் என்ற ஆசையோடு நாங்கள் இருவர் அவ்வீட்டுக்குப் போனோம். பெரியவரின் மகள் சொன்னார்:

"எல்லாத்தையும் பாருங்க தம்பி. எத்தனை நாள் வேணும்னாலும் பாருங்க. ஆனா ஒண்ணும் இந்த வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது. அப்பா அப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க."

காரணத்தை அவர் சொல்லவில்லை. படிக்கத் தொடங்கியதும் எங்களுக்கே புரிந்தது. இலக்கியக் கடிதம் என்று ஒரு தனிவகை நம்மிடையே அநேகமாக இல்லை. ஒரு பக்கம் புதுக்கவிதை பற்றிய வாதம் நடக்கும், மறுபக்கத்தில் மகள் திருமணத்துக்கு வாங்கிய கடன் வரும். ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு நோயின் பெயர் இருக்கும். எழுதியவர்களில் சிலர் இன்றும் இருக்கிறார்கள், இல்லாதவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெரியவர் விதித்த நிபந்தனை அறிவுச் செல்வத்தைப் பூட்டிவைக்கும் எண்ணத்தில் பிறந்ததன்று. எழுதியவர்கள் அவர்மீது வைத்த நம்பிக்கையை அவர் சாவுக்குப் பின்னும் காக்கும் ஏற்பாடு அது.

ஓராண்டுக் காலம் ஞாயிறுதோறும் மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறினோம். பிறகு எங்களில் ஒருவருக்கு வேலை பெங்களூருக்கு மாறியது. மற்றவர் நரிமேட்டில்தான் இருக்கிறார் என்றாலும், வாரந்தோறும் போய் அந்த வீட்டு அம்மாவை அடுப்படியில் நிற்க வைப்பது சரியாகப்படவில்லை. எழுபது வயதைக் கடந்தவர் 'சாப்பிட்டுத்தான் போகணும்' என்று நிற்கும்போது மறுக்கவும் முடியாது. நிபந்தனையை மீறாமல், வீட்டுக்கும் போகாமல், கடிதங்களைப் பார்க்க வழி உண்டா என்று தேடினோம். நாங்கள் அறிந்திருந்த வழிகள் யாவும் கோப்பை இடம் மாற்றும் வழிகளாகவே இருந்தன. மின்னஞ்சலில் இணைப்பதும் இணையக் கிடங்கில் ஏற்றுவதும் விரல்நுனிச் சேமிப்பானில் நகலெடுப்பதும் ஒரே செயலின் மூன்று உருவங்கள். மூன்றிலும் கடிதம் வீட்டை விட்டு வெளியேறிவிடும்.

விடை கணிப்பொறித் துறையின் பழைய அறையொன்றிலிருந்து கிடைத்தது.

*

1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், அத்தீனா என்ற திட்டத்துக்காக, பாப் ஷைஃப்லரும் ஜிம் கெட்டிஸும் உருவாக்கத் தொடங்கியது எக்ஸ் சாளர அமைப்பு. 1987இல் வெளியான அதன் பதினோராம் பதிப்பே பின்னர் யுனிக்ஸ், லினக்ஸ் கணினிகளின் திரைகளையெல்லாம் முப்பதாண்டுகளுக்கு மேல் ஆண்டது. அதன் அடிப்படைக் கருத்து எளிது. ஒரு நிரல் ஓடும் கணினியும் அதன் சாளரம் தெரியும் கணினியும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வளாகத்தின் ஒரு மூலையில் உள்ள பெரிய பொறியில் நிரல் ஓடும். மாணவர் தம் மேசையிலுள்ள திரையில் அதன் சாளரத்தைக் காண்பார். அவர் சுட்டியை அழுத்தினால், அழுத்திய இடத்தின் ஆயங்கள் மட்டும் அங்கே போகும். அங்கே பக்கம் திரும்பும். திரும்பிய பக்கத்தின் தோற்றம் இங்கே வரும். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இதில் பெயர்களைக் கேட்டால் முதலில் யாரும் குழம்பிப்போவார்கள். நம் மேசைமீதுள்ள திரைக்கு இவ்வமைப்பில் 'வழங்கி' என்று பெயர். தொலைவில் ஓடும் நிரல்தான் 'வாடிக்கையாளர்'. இணையத்தில் நாம் பழகிய முறைக்கு இது நேர் எதிர். நின்று யோசித்தால் பெயர் சரிதான் என்று தெரியும். திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவை நம்முடையவை. தொலைவிலுள்ள நிரல், 'ஐயா, உங்கள் திரையில் எனக்குக் கொஞ்சம் இடம் தாருங்கள்' என்று கேட்டு வருகிறது. விருந்தாளி அது, வீட்டுக்காரர் நாம்.

விருந்தாளி என்று சொன்னபின் அவர் எதுவரை உள்ளே வரலாம் என்ற கேள்வி எழுகிறது. எக்ஸ் உருவான காலத்தின் வலையமைப்புகளில் எல்லாரும் எல்லாரையும் அறிந்தவர்கள். ஆகவே, திரையில் இடம்பெற்ற நிரல் ஒன்று அதே திரையிலுள்ள மற்ற சாளரங்களில் தட்டப்படும் எழுத்துகளைக் கேட்கவும், திரை முழுவதையும் படம் எடுக்கவும் தடை ஏதும் வைக்கப்படவில்லை. யார் வந்தாலும் வரட்டும் என்று கதவை முழுதாகத் திறந்துவிடும் கட்டளையும் இருந்தது. அவசரக்காரர்கள் பலர் அதைப் பயன்படுத்தினார்கள். போதாதற்கு, சாளரத்தின் உள்ளடக்கமும் தட்டிய எழுத்துகளும் கம்பியில் மறைப்பின்றிச் சென்றன. வழியில் காது வைத்தவர் எல்லாவற்றையும் படிக்கலாம்.

இந்தக் காது வைக்கும் தொல்லை சாளரங்களுக்கு மட்டும் உரியதன்று. 1995இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடும் தாக்குதல் நடந்தது. அங்கிருந்த தாத்து யூலோனென் அதற்கு மாற்றாக எழுதியதுதான் எஸ்.எஸ்.எச். எனும் பாதுகாப்பான இணைப்பு முறை. 1999இல் ஓபன்பிஎஸ்டி குழுவினர் அதன் கட்டற்ற வடிவத்தை வெளியிட்டனர். இரு கணினிகளுக்கிடையே மறைகுறியிட்ட சுரங்கம் ஒன்றை அமைப்பது அதன் வேலை. அச்சுரங்கத்தின் வழியே கட்டளைகள் போகலாம். எக்ஸ் சாளரங்களும் வரலாம்.

சாளரம் வரும் விதம் நேர்த்தியானது. தொலைவிலுள்ள கணினியில் எஸ்.எஸ்.எச். ஒரு பொய்த்திரையை உண்டாக்குகிறது. அங்குள்ள நிரல் அதை உண்மைத்திரை என்று எண்ணி வரைகிறது. வரைந்தவை சுரங்கத்தின் வழியே நம் திரைக்கு வந்து சேர்கின்றன. நம் திரைக்குள் நுழைய ஓர் இரகசியச் சீட்டு வேண்டும். உண்மையான சீட்டு அங்கே அனுப்பப்படுவதில்லை. போலிச்சீட்டு ஒன்றுதான் அங்கு தரப்படுகிறது. அந்தப் போலியோடு வருபவரை நம் பக்கத்து எஸ்.எஸ்.எச். வாசலில் நிறுத்தி, சரிபார்த்து, போலியை வாங்கிக்கொண்டு உண்மைச்சீட்டைக் கையில் கொடுத்து உள்ளே விடுகிறது. இணைப்பு முடிந்ததும் போலி செல்லாக்காசாகிவிடும்.

உள்ளே விடுவதிலும் இரண்டு முறைகள் உண்டு. கட்டளையோடு பெரிய எக்ஸ் எழுத்தைச் சேர்த்தால் விருந்தாளி திண்ணையோடு நிற்கவேண்டும். நம்முடைய மற்றச் சாளரங்களை அவர் தொட முடியாது. வழக்கமான அமைப்பில் 20 நிமிடம் கடந்தால் புதிய சாளரம் திறக்கவும் அனுமதி மறுக்கப்படும். பெரிய ஒய் எழுத்தைச் சேர்த்தால் அடுப்படிவரை வரலாம். திண்ணையில் நிறுத்தினால் சில நிரல்கள் தடுமாறும், சில திறக்கவே மாட்டா. அதனால் டெபியனும் அதன் வழிவந்த உபுண்டுவும் எக்ஸ் என்று கேட்டாலும் ஒய் என்றே நடந்துகொள்ளும்படி அமைத்துத் தருகின்றன. இதை அறியாமல் திண்ணைக் கட்டளையிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர். உண்மையான திண்ணை வேண்டுமென்றால் நம் கணினியின் எஸ்.எஸ்.எச். அமைப்புக் கோப்பில், கடந்துவரும் எக்ஸ் சாளரங்களை நம்பவேண்டாம் என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். நாங்கள் எழுதிவைத்தோம்.

இந்த இடத்தில் எங்களுக்கு ஒன்று விளங்கியது. எங்கள் நேர்மையை ஐயுற அவ்வீட்டாருக்கு உரிமை உண்டு என்று மட்டுமே அதுவரை எண்ணியிருந்தோம். நுட்பத்தின் கண்ணில் நிலைமை தலைகீழ். திரை எங்களுடையது, நுழைவது அவர்கள் வீட்டுக் கணினியின் நிரல். அக்கணினியில் யாரேனும் விஷமநிரலை ஏற்றிவிட்டால், அடுப்படிவரை விடப்பட்ட சாளரம் எங்கள் வங்கிக் கடவுச்சொல்லைக் கேட்டுக்கொண்டிருக்கும். ஆக, நம்பிக்கை இரு பக்கமும் வேண்டியிருந்தது. இதைச் சொன்னபோது அக்கா சிரித்துவிட்டார். "அப்ப நீங்களும் எங்களுக்குப் பயந்துதான் இருக்கணும்" என்றார். அதன்பின் பேச்சு எளிதாயிற்று.

*

சுரங்கத்துக்கு வாயில் வேண்டுமே. ஊரில் உள்ள வீட்டு இணைப்புகளுக்கு வெளியுலகம் வந்து தட்டக்கூடிய நிலையான முகவரி பெரும்பாலும் இருக்காது. உள்ளிருந்து வெளியே அழைக்கலாம். வெளியிலிருந்து உள்ளே அழைக்க முடியாது. இதற்கு விடை, வீட்டுக் கணினியே வெளியே அழைத்து, அந்த அழைப்பின் வழியாக நம்மைத் திரும்ப உள்ளே வரவிடுவது. தலைகீழ்ச் சுரங்கம் என்று இதைச் சொல்லலாம்.

இம்முறை எங்கள் பக்கத்து மண்ணுக்குப் புதிதன்று என்பது பின்னர் தெரிந்தபோது மகிழ்ந்தோம். 1976இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதவர் இப்பகுதியில் இல்லை. 2001இல் சென்னை ஐ.ஐ.டி.யின் கார்டெக்ட் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தைக் கொண்டு மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. அம்மையங்கள் சிலவற்றிலிருந்து கிராமத்தாரின் கண்களைப் படமெடுத்து அரவிந்துக்கு அனுப்பினார்கள். புரை விழுந்த கண்ணோடு பேருந்தேறி மதுரைக்கு வந்து, 'இப்போது அறுக்க வேண்டாம்' என்று கேட்டுத் திரும்பும் அலைச்சல் அவ்வகையில் குறைந்தது. பின்னர், முன்பு மதுரை மாவட்டத்தில் அடங்கியிருந்த தேனியில், அரவிந்தின் கிளை மருத்துவமனையைச் சுற்றிய சிற்றூர்களில் பார்வை மையங்கள் எழுந்தன. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சாதாரண வைஃபை கருவிகளைக் கோபுரங்களில் ஏற்றி நெடுந்தொலைவு இணைப்புகளாக மாற்றிக் கொடுத்தார்கள். மையத்தில் அமர்ந்த நோயாளியைத் தேனியில் அமர்ந்த மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார்.

கருவிகள் பழுதானபோதுதான் தலைகீழ்ச் சுரங்கம் வந்தது. மின்னழுத்த ஏற்ற இறக்கத்தாலும் திடீர் மின்வெட்டாலும் வழிச்செலுத்திகள் அடிக்கடி நின்றன. நினைவக அட்டைகள் கெட்டன. பெர்க்லியில் இருந்தவர்களால் தேனிக் கருவிகளை நேரே அழைக்க முடியவில்லை. ஆகவே கருவிகளே நாள்தோறும் அமெரிக்காவிலுள்ள கணினியை அழைத்துத் தம் நிலையைச் சொல்லவும், தேவைப்பட்டால் அவ்வழியே திரும்பும் எஸ்.எஸ்.எச். சுரங்கத்தைத் திறந்துவிடவும் ஏற்பாடு செய்தார்கள். வீட்டுக்குப் பேசும் பிள்ளை என்ற பொருள்பட அதற்குப் பெயரும் வைத்தார்கள். 2008இல் அவர்கள் எழுதிய ஆய்வுக்கட்டுரையில் எங்களுக்குப் பிடித்த பகுதி, இவ்வளவு நுட்பத்துக்குப் பிறகும் வலையமைப்பு உயிரோடு நின்றது உள்ளூர்ப் பணியாளர்களைப் பழக்கியதால்தான் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளும் இடம்.

எங்கள் ஏற்பாடு இதன் சிற்றுரு. சிற்றூர் வீட்டின் கணினி, நாங்கள் வாடகைக்கு எடுத்த சிறு வழங்கி ஒன்றை அழைத்துச் சுரங்கத்தைத் திறந்து வைத்திருக்கும். நாங்கள் அவ்வழங்கியைத் தாவுகல்லாகக் கொண்டு உள்ளே போவோம். மறைகுறி எங்கள் மேசையில் தொடங்கி அவ்வீட்டில் முடிவதால் நடுவிலுள்ள வழங்கிக்குக் கடிதங்கள் தெரியா.

அப்படியென்றாலும், மறுமுனையில் இருப்பது அதே வீட்டுக் கணினிதானா என்பதை எப்படி அறிவது? முதல்முறை இணையும்போது எஸ்.எஸ்.எச். மறுமுனையின் விரல்ரேகையைக் காட்டி, சரிதானா என்று கேட்கும். பெரும்பாலானோர் படிக்காமலே ஆம் என்று சொல்லிவிடுவார்கள். நாங்கள் தொலைபேசியில் அழைத்தோம். பெரியவரின் பேத்தி அங்கிருந்த திரையைப் பார்த்து 43 எழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் படித்தாள். "பெரிய கே, சின்ன கியூ, ஏழு, சின்ன எல்லு..." என்று அவள் சொல்லச் சொல்ல நாங்கள் டிக் அடித்துக்கொண்டு வந்தோம். பள்ளியில் வருகைப்பதிவு எடுப்பதுபோல் இருந்தது.

*

இவ்வளவும் கம்பியைக் காப்பதற்கு. நிபந்தனையைக் காப்பது வேறு வேலை. எஸ்.எஸ்.எச். வழியே ஒரு கணினிக்குள் போகமுடிந்தவரால் அங்குள்ள கோப்புகளை நகலெடுக்கவும் முடியும். சாளரத்தை மட்டும் வரவழைக்கிறேன் என்பவர் கையில் வீட்டுச் சாவிக்கொத்தே இருக்கிறது. ஆகவே சாவியைக் குறுக்கினோம். அவ்வீட்டுக் கணினியில் எங்கள் சாவிகளைப் பதிந்த கோப்பில், இச்சாவியோடு வருபவர் எல்லா வகையிலும் தடுக்கப்படுவார், சாளரம் மட்டும் அனுமதிக்கப்படும், கடிதம் காட்டும் நிரல் தவிர வேறெதுவும் ஓடாது என்று எழுதிவைத்தோம். எழுதிய வரியை அக்காவின் மகன், பொறியியல் படித்தவர், தாமே சரிபார்த்து, அக்கோப்பை மாற்றும் உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். இப்போது நாங்கள் அச்சாளரத்தில் 'சேமி' என்பதை அழுத்தினால், சேமிப்பது அவர்கள் வீட்டு வட்டில்தான் நடக்கும்.

எளிய கணக்கு ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆயிரம் புள்ளி அகலமும் ஆயிரத்து நானூறு புள்ளி உயரமும் கொண்ட ஒரு கடிதப் பக்கத்தை, புள்ளிக்கு 4 பைட்டு வீதம், சுருக்காமல் அனுப்பினால் 5.6 மெகாபைட் ஆகிறது. தொடக்கத்தில் அவ்வீட்டு இணைப்பில் மேலேற்றும் வேகம் நொடிக்கு 512 கிலோபிட். ஒரு பக்கம் முழுதாக வந்துசேர ஏறக்குறைய 87 நொடி பிடிக்கும். கோப்பையே அனுப்பியிருந்தால் சில நொடிகளில் முடியும் வேலை. எக்ஸ் பழங்காலத்தில் கோடும் எழுத்தும் வரையும் சிறு கட்டளைகளை அனுப்பியது. இன்றைய நிரல்கள் தாமே எல்லாவற்றையும் தீட்டிப் படமாக அனுப்புகின்றன. பட்டியல் ஒன்றைத் திறந்தாலே இருமுனையும் பலமுறை கேட்டும் சொல்லியும் பேசிக்கொள்கின்றன. இணைப்பு அறுந்தால் சாளரத்தோடு நிரலும் செத்துப்போகும். நம் பக்கத்து மின்வெட்டுகளோடு வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். எக்ஸ்ப்ரா என்ற நிரல் இவ்விரு குறைகளையும் போக்குகிறது. படங்களைச் சுருக்கி அனுப்புகிறது. இணைப்பு அறுந்தாலும் நிரலை அங்கே உயிரோடு வைத்திருந்து, நாம் திரும்பி வரும்போது விட்ட இடத்திலேயே காட்டுகிறது. வண்ணத்தில் வருடிய பக்கங்களுக்கு இப்போது அதையே பயன்படுத்துகிறோம்.

மெதுவாக வந்த நாட்களுக்கு ஒரு பயன் இருந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. பக்கம் மேலிருந்து கீழாக விரியும்போது, முதலில் தேதி வரும், பிறகு விளிப்பு, பிறகு ஒவ்வொரு வரியாக. அஞ்சலட்டையின் பொடி எழுத்தை அவ்வளவு பொறுமையாக வேறு எப்போதும் படித்ததில்லை.

எதிர்பாராமல் கிடைத்த பெரும்பயன் வேறொன்று. பெரியவர் தட்டச்சு செய்த கட்டுரைகள் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் இருந்தன. அக்காலத்தில் எழுத்துருவுக்கு ஒரு குறியேற்றம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் இலத்தீன் எழுத்துகளும் வினோதக் குறிகளும் கொட்டிக் கிடக்கும். பெரியவர் கணினியில் மட்டுமே அவை தமிழாகத் தெரிந்தன. பழைய எக்ஸ் முறையில் எழுத்துருக்கள் திரை இருக்கும் பக்கத்தில் இருக்க வேண்டும். எங்களிடம் அது இல்லை. ஆனால் 2000ஆம் ஆண்டையொட்டி கீத் பேக்கார்டு முதலியோர் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பின், எழுத்தைத் தீட்டும் வேலை நிரல் ஓடும் பக்கத்துக்கு மாறிவிட்டது. ஆகவே, பெரியவர் கணினியின் எழுத்துருவிலேயே, அவர் பார்த்தபடியே, அவருடைய கட்டுரைகள் பெங்களூரில் உள்ள திரையில் தெரிந்தன. கோப்பை எடுத்து வந்திருந்தால் எங்களுக்குக் கிடைத்திருப்பவை வெறும் குறிகள்.

*

இத்தனைக்குப் பிறகும் எங்கள் திரையில் தெரிவதை நாங்கள் படம் எடுக்கலாம். கைப்பேசியை உயர்த்தினால் போதும். எந்த மறைகுறியும் இதைத் தடுக்காது. சுரங்கம் வழிப்போக்கரைத் தடுக்கும், குறுக்கிய சாவி அவசரக் கையைத் தடுக்கும், அதற்கு மேல் வாக்கு ஒன்றுதான் உண்டு. இதை அக்காவிடம் மறைக்காமல் சொன்னோம். "அது தெரியும் தம்பி. வீட்டுக்கு வந்தப்பவும் கைல போன் இருந்துச்சே" என்றார்.

நண்பர்கள் சிலர் எங்களைக் கடிந்துகொண்டார்கள். ஒரே பிரதி ஒரே வீட்டில் இருப்பது ஆபத்து என்பது அவர்கள் வாதம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது தொண்ணூறாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அழிந்ததையும், அவற்றுள் மறுபிரதி இல்லாத சுவடிகள் இருந்ததையும் நினைவூட்டினார்கள். மறுக்க முடியாத வாதம். ஆனால் காப்பதற்கும் பரப்புவதற்கும் நடுவே இடைவெளி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா திரட்டிய நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியபோது அவற்றைக் கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையிலேயே நூலகம் அமைத்து, நுண்படம் எடுத்து, மூலத்தை இங்கேயே இருக்கவிட்டார்கள். வீட்டாரிடம் இந்த எடுத்துக்காட்டைச் சொன்னோம். இரண்டாவது வட்டு ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்து, மதுரையில் உள்ள பெரியவரின் இளைய மகன் வீட்டில் வைத்திருக்கிறார்கள். பிரதி இரண்டாயிற்று, இரண்டும் குடும்பத்துக்குள்தான்.

இந்நுட்பத்துக்கும் வயதாகிவிட்டது. 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்டு என்ற புதிய அமைப்பு எக்ஸின் இடத்தை எடுத்துக்கொண்டு வருகிறது. அதில் ஒரு சாளரம் மற்றதன் எழுத்துகளைக் கேட்க முடியாது. அறைகளுக்கிடையே சுவர் எழுப்பிவிட்டார்கள். தொலைவிலிருந்து சாளரம் வரும் வசதி அதன் அடிப்படையில் இல்லை. அக்குறையை நிரப்ப 2019இல் வேபைப் என்ற நிரல் வந்தது, அதுவும் எஸ்.எஸ்.எச். சுரங்கத்தையே நம்பியிருக்கிறது. பழைய எக்ஸ் நிரல்களும் புதிய அமைப்புக்குள் ஓர் இடைப்பொறியின் துணையோடு ஓடுகின்றன. எங்கள் அட்டவணை முடியும்வரை தாங்கும்.

அட்டவணையில் ஒவ்வொரு கடிதத்துக்கும் தேதி, எழுதியவர், பேசப்படும் நூல் அல்லது இதழ் ஆகியவை மட்டும் இருக்கும். வாசகர் ஒருவருக்கு ஏதேனும் ஒரு கடிதம் வேண்டுமென்றால் குடும்பத்தாரிடம் கேட்க வேண்டும். தருவதா, காட்டுவதா, மறுப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். முதல் வேண்டுகோள் வந்துவிட்டது. எழுத்தாளர் ஒருவரின் மகள், தம் தந்தை எழுதியவற்றைக் கேட்டிருக்கிறார். அக்கா அவற்றை அச்செடுத்துப் பதிவுத்தபாலில் அனுப்பிவைத்தார். எங்களுக்குச் செய்தி பிறகுதான் வந்தது.

இரவு ஒன்பது மணியானால் அம்மா விளக்கை அணைத்துவிட்டு அந்தக் கணினியையும் அணைத்துவிடுவார். நாங்கள் பாதிக் கடிதத்தில் இருப்போம். முன்னறிவிப்பின்றிச் சாளரம் மறையும். அணையாமல் வைத்திருக்கச் சொல்லலாமா என்று அக்கா ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றோம்.